கோரைக்கு வந்த வாழ்வு

கரும்பு ஆராய்ச்சிப் பண்ணையில் இருக்கும் களை நிபுணர், விடிந்ததும் விடியாததுமாகப் பூவாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோரைப்புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாராம். "குடி கண்ணு, குடி" என்று கொஞ்சுகிறாராம். முடிதிருத்தும் கடையில் பாதிச் சவரத்தில் இதைக் கேட்டேன். மீதி முகத்தையும் முடித்துக்கொண்டு நேரில் பார்க்கப் போனேன்.

வதந்தியில் ஒரு பிழை இருந்தது. பாத்தியில் புல்லே இல்லை. வெறும் மண்ணிடம்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஆள் ஒல்லி. குனிந்தே வேலை பார்த்ததில், நிமிர்ந்தாலும் பாதி குனிந்தாற்போலத்தான் நிற்பார். பண்ணையில் "கோரை சார்" என்றால்தான் தெரியும். மற்றவர்கள் சட்டைப்பையில் பேரப்பிள்ளை படம் வைத்திருப்பார்கள். இவர் பையில் ஒரு கோரைக்கிழங்கு. "பாருங்க, எவ்ளோ அப்பாவியா இருக்கான்! இவன் ஒருத்தன் போதும், ஒரு வயலையே முழுங்கிடுவான்." யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரை விரிசலைப் பார்ப்பார், அப்புறம்தான் வீட்டுக்காரரை. "என்னை ஒரு நாள் சாப்பிட்டியான்னு கேட்டிருப்பாரா? புல்லுகிட்ட கேக்குறாரு" என்கிறார் அவர் மனைவி, நான் கேட்காமலே.

நடந்தது இதுதான். கரும்பு நட்டு, பாத்திக்குப் பாத்தி வெவ்வேறு விதமாகக் களையை ஒழித்துப் பார்க்கிறார் மனிதர். ஒரே ஒரு பாத்தியில் மட்டும் களையைத் தொடவே கூடாது. அதோடு ஒப்பிட்டால்தான் மற்றவை எவ்வளவு தேறின என்று சொல்ல முடியும். அந்தச் சீரழிந்த பாத்தி இல்லாவிட்டால் மூன்று வருஷ உழைப்பும் குப்பை. பார்வையிடப் பெரிய குழு வருகிறது என்று தெரிந்ததும், களையெடுக்கும் அக்கா, சார் மேலுள்ள பாசத்தில் அந்தப் பாத்தியைக் கிழங்கோடு தோண்டித் துடைத்து வைத்துவிட்டார்.

"நாலு பேர் வர்ற இடத்துல அது மட்டும் காடா கிடந்தா உங்க மானம் என்னாகும் சார்?"

"அக்கா, அந்தக் காடுதான்க்கா என் மானம்!"

அதன் பிறகுதான் பூவாளி. விஷம் வைத்தபோதெல்லாம் தழைத்த கோரை, தண்ணீர் வைத்தபோது தலைகாட்ட மறுத்தது. மருந்தடித்த பாத்திகளில்கூட ஒன்றிரண்டு எட்டிப் பார்த்துச் சிரித்தன. வேறு வழியில்லாமல் பக்கத்து வயல்காரரிடம் புறப்பட்டார். "அவர் வயல்ல கரும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்" என்று இவர் ஊரெல்லாம் கேலி பேசிய அதே ஆள். நானும் ஒட்டிக்கொண்டேன். இதைத் தவறவிட எனக்கென்ன பைத்தியமா?

"கொஞ்சம் கோரை வேணும்."

வயல்காரர் காதைக் குடைந்துகொண்டார். "எது?"

"கோரை. மண்ணோட."

"போன மாசம் என் வயலைப் பார்த்து மூக்கைப் பொத்துனீங்களே, அந்தக் கோரையா?"

"அதேதாங்க."

வயல்காரர் யோசித்தார். படித்த மனுஷன் தேடி வருகிறான் என்றால் இதில் என்னமோ இருக்கிறது. "சும்மா தர முடியாது. கடனாத்தான். வேலை முடிஞ்சதும் அதே கூடை நிறையத் திருப்பிக் குடுத்துடணும்."

குழு வந்தது. கோரை சாருக்குப் பொய் வராது. "இது நட்டதுங்க. பக்கத்து வயல்ல கடன் வாங்கினது" என்று எடுத்த எடுப்பிலேயே உடைத்துவிட்டார். தலைவர் குனிந்து பார்த்தார். கோரை மாப்பிள்ளை போல் திமிராக நின்றது.

"களையே இல்லேன்னா ஆராய்ச்சியை மூட வேண்டியதுதான். நட்டதுன்னு எழுதிக்குங்க. ஆனா அறுவடை வரைக்கும் ஒரு புல்லைக்கூட யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

வண்டி கிளப்பிய புழுதி அடங்கவில்லை, வரப்பில் வயல்காரர் நின்றார். கையில் காலிக் கூடை.

"வந்தவங்க போயிட்டாங்கல்ல? எடுங்க."

"அறுவடை வரைக்கும் கொஞ்சம்..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எடுத்த இடம் மொட்டையா கிடக்கு சார். வயலைப் பார்க்கவே நல்லால்ல."

கோரை சார் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்து, ஒரு கோரையின் கழுத்தைப் பிடித்து இழுத்தார். மண் இளகியது, ஓரத்தில் வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது. கூடை நீண்டது. அவர் அந்த வேரைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி, சுற்றிலும் மண்ணை அணைத்து, கைக்குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் மெல்லத் தட்டிக் கொடுத்தார்.