மேடம் கேட்ட வேறு கேள்வி

ஊரப்பாக்கம் அருகே ஜி.எஸ்.டி. சாலையில் ஸ்கூட்டர் சறுக்கி என் வலது மணிக்கட்டு உடைந்தது. பிளேட் வைத்து, தையல் பிரித்து, மூன்று மாதம் கழித்துத் தாம்பரத்திலுள்ள எங்கள் அலுவலகத்துக்குத் திரும்பினேன். மருந்துக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதும் சின்ன கம்பெனி. இரண்டு விரல்கள் இன்னும் மரத்துக் கிடந்தன. பெரும்பாலும் இடது கையால்தான் டைப் அடித்தேன்.

எந்த வேலை எத்தனை நாளில் முடியும் என்று திங்கட்கிழமைகளில் கூடிப் பேசுவோம். முதல் வாரம் பழைய நினைப்பில் "ஒரு நாள்" என்றேன். நான்கு நாள் இழுத்தது. அடுத்த வாரம் பயந்துபோய், பில் விவரம் நிரப்பும் ஒரே ஒரு ஸ்கிரீனுக்கு "ஆறு நாள்" என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வேலையை விட்டுவிடலாம் என்றே அன்று நினைத்தேன்.

மதியம் எங்கள் டீமை நடத்திய மேடம் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாள் கணக்க நான் பாத்துக்கறேன். யார் செஞ்சாலும் இதுல எவ்ளோ சிக்கல் இருக்கு? அத மட்டும் சொல்லுங்க."

"சிக்கலே இல்ல மேடம். டைப் பண்றதுதான் ஜாஸ்தி."

"அப்ப இத ஏன் உங்ககிட்ட குடுத்து வச்சிருக்கோம்?" என்றார்.

அடுத்த கூட்டத்திலிருந்து எல்லாருமே நாள் கணக்கை விட்டு, சிக்கலைப் பொறுத்து சின்னது, நடுத்தரம், பெரியது என்றுதான் சொன்னோம். வாடிக்கையாளர் வாங்கிப்போன மாத்திரை அட்டையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் அதை ஸ்டாக்கில் சேர்க்கும் வேலை ஒன்று வந்தது. எல்லாரும் சின்னது என்றார்கள். நான் பெரியது என்றேன்.

"ஏன்?" என்றார் மேடம்.

"அந்த அட்டை எந்த பேட்ச்சுன்னு தெரியணும். பேட்ச்சுக்கு பேட்ச் எக்ஸ்பைரி தேதி வேற. மாத்திச் சேத்துட்டா, தேதி முடிஞ்ச மாத்திரைய சாஃப்ட்வேர் நல்லதுன்னு காட்டும், கடைல வித்துடுவாங்க."

அந்த வேலை எனக்கு வந்தது. மூன்று நாள் காகிதத்தில் கோணலாகக் கிறுக்கி யோசித்தேன். கடைசியில் எழுதியது நாற்பது வரி. அதற்கு இடது கையே போதுமாக இருந்தது.

என் ஸ்கிரீன் வேலைகள் பக்கத்து சீட்டுக்காரனிடம் போயின. "மச்சான், எல்லாமே சின்னதாம். நாலு நாளா தட்டிகினே கீறேன்," என்று புலம்புவான். ஆனால் ஒன்றைக்கூட என்னிடம் திருப்பித் தள்ளியதில்லை. அவனுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

போன மாதம் மேடம் வேறு கம்பெனிக்குப் போனார். கிளம்பும் நாளில் அந்த மதியத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு நினைவே இல்லை.

"சாஃப்ட்வேர் ரிலீஸ் தள்ளிப் போயிடக் கூடாதுன்னு கேட்டிருப்பேன்," என்று சிரித்தார்.

இருக்கலாம். ஆனால் அன்று அவர் வந்து உட்காராமல் இருந்திருந்தால் அந்த மாதமே ராஜினாமா எழுதியிருப்பேன் என்று அவரிடம் சொன்னேன். தோளில் மாட்டிய பையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வாங்க, சாப்பிடப் போலாம்," என்று கூட்டிக்கொண்டு போனார்.