காஜா பேராங்கின் நாற்பத்திரண்டாவது ரேடியோ

"ரேடியோ லைசென்ஸ் பரிசோதகர்: வயது முப்பத்தைந்துக்குள், திடகாத்திரமானவர், செவிக்கூர்மை மிக்கவர், லைசென்ஸ் இல்லாத பெட்டிகளை, தெருவில் நின்றபடியே, ஒலியைக் கொண்டு கண்டறியும் ஆற்றல் உள்ளவர்."

மலாக்கா அலுவலகச் சுவரில் தொங்கிய இந்த விவரத்துக்கு நேர் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்த கலியாணசுந்தரத்துக்கு வயது நாற்பத்தொன்பது. திடகாத்திரம் என்று சொன்னால் அவருடைய சைக்கிளே சிரிக்கும். மேட்டில் அவர் அதைத் தள்ளிக்கொண்டு போவார், இறக்கத்தில் அது அவரை இழுத்துக்கொண்டு போகும். செவிக்கூர்மை விஷயம் இன்னும் மோசம். ஜப்பான்காரன் காலத்தில் வந்த விஷக்காய்ச்சல் ஒன்று இரண்டு காதுகளையும் வாங்கிக்கொண்டு உயிரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. பக்கத்தில் பட்டாசு வெடித்தால் ஏதோ நடந்தது என்று தெரியும். மற்றபடி பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே காலம் தள்ளினார். வெள்ளைக்காரன் திரும்பி வந்து பழைய ஆட்களை மறுபடி வேலைக்கு எடுத்தபோது யாரும் அவர் காதைச் சோதிக்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் மனைவி கமலவேணியும் மகள் கோகிலாவும்தான்.

ஆனால் அந்த வட்டாரத்தில் அவர் அளவுக்குத் திருட்டு ரேடியோ பிடித்தவர் எவரும் இல்லை. காது கேட்கிற பரிசோதகர்கள் தெருவில் காலை வைத்ததும் ஜனங்கள் பெட்டியை அணைத்துவிடுவார்கள். அதோடு அவர்களுக்கு வேலை முடிந்தது. கலியாணசுந்தரம் சத்தத்தைத் தேடவில்லை, மனிதர்களைப் பார்த்தார். கிளேபாங்கில் காதர் மைதீனின் சாப்பாட்டுக் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, ரொட்டி தட்டுகிற ஆள் மாவை மூன்று தட்டுத் தட்டி ஒரு கணம் நிறுத்துவதைக் கவனித்தார். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். பசியோடு காத்திருப்பவர்களுக்கு ரொட்டி போடுகிறவன் அப்படி நிறுத்தமாட்டான். பாட்டுக்குத் தட்டுகிறவன்தான் நிறுத்துவான். எழுந்து போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டார். பெட்டி இருந்தது.

"மெதுவாத்தானே கிராணி வச்சிருந்தேன்? என் காதுக்கே சரியா வுழல" என்றார் காதர் மைதீன். அலுவலகக் குமாஸ்தாவை அங்கே கிராணி என்றுதான் கூப்பிடுவார்கள். "ஒங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"எனக்குக் கேக்க வேண்டியது கேக்கும், பாய்."

"இந்தக் காத அல்லா குடுத்தானா, இல்ல ஆபீஸ்ல குடுத்தாங்களா?"

அன்றிலிருந்து அவருக்குப் பாம்புக்காதுக் கிராணி என்று பேர் வந்தது. பாம்புக்குக் காதே கிடையாது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

1956 மே மாதக் கடைசி. பண்டார் ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரத்துக்குத் தேதி சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. தேதி வந்துவிட்டதே தவிர கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் போகவில்லை. ஓர் ஆளை விசாரணை இல்லாமல் உள்ளே வைக்க ஒரு தாள் போதும்.

ஆறு வாரமாகக் காஜா பேராங்கில் ஓர் ஊளை கேட்டுக்கொண்டிருந்தது. கலியாணசுந்தரம் குடியிருந்த தெருவிலும் அடுத்திருந்த செட்டிக் கம்பம் என்ற சிற்றூரிலும் லைசென்ஸ் வாங்கிய ரேடியோக்கள் நாற்பத்தொன்று. மாலை ஏழு மணிக்குத் தமிழ் நிகழ்ச்சி தொடங்கியதும் நாற்பத்தொன்றும் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. கணக்கில் வராத நாற்பத்திரண்டாவது பெட்டி ஒன்று அங்கே எங்கோ இருக்கிறது என்று பொருள். ஒற்றை வால்வில் வீட்டிலேயே கட்டுகிற மலிவுப் பெட்டிகளுக்கு அந்த வியாதி உண்டு. திருகை ஒரு மயிரிழை அதிகம் திருப்பினால், கேட்பதற்காகக் கட்டிய பெட்டி தானே ஒலிபரப்பத் தொடங்கி அக்கம்பக்கத்துப் பெட்டிகளையெல்லாம் அலறவைக்கும். கலியாணசுந்தரத்துக்கு இது தெரியும். தெருவுக்குத் தெரியாது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரோ சேதி அனுப்புகிறார்கள் என்று தெரு முடிவு கட்டியது. யார் என்பதையும் கையோடு முடிவு செய்துவிட்டது.

தம்பிராஜா தோட்டத் தொழிற்சங்கத்தில் இருந்தவர். ஐந்து வருஷம் தடுப்புக்காவலில் கிடந்துவிட்டுப் போன வருஷம்தான் வெளியே வந்திருந்தார். தெங்கேராவில் ஒரு சைக்கிள் கடையில் வேலை. எரிந்துபோன டைனமோக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து புதிதாகச் செப்புக் கம்பி சுற்றுவார். செப்புக் கம்பி, பழைய கைதி, ஏழு மணி ஊளை. இந்த மூன்றையும் சேர்த்துக் கூட்டப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை அதிகாரி கலியாணசுந்தரத்தைக் கூப்பிட்டார். "சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போலீசுக்கு அறிக்கை போக வேண்டும். அந்தப் பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது, ஒரு வரி போதும். நம்மால் சொல்ல முடியாவிட்டால் அவர்கள் மனதில் வைத்திருக்கும் வீட்டுக்கு அவர்களே போய்க்கொள்வார்கள்."

எந்த வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை அவர் தம்பிராஜா வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது மனைவி அஞ்சலை.

"வாங்க கிராணி. எங்கேருந்து தேடப்போறீங்க? போன தடவ வந்தவங்க அரிசி, பருப்பு, உப்பு எல்லாத்தையும் ஒரே பாயில கொட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்களாவது தனித்தனியாக் கொட்டுங்க."

"நான் எதையும் கொட்ட வரல, தங்கச்சி."

தம்பிராஜா டைனமோவைக் கீழே வைத்தார். மெலிந்த ஆள். பேசும்போது வாயை அதிகம் திறக்காதவர். உள்ளே கற்ற பழக்கம். அவர் உதட்டைப் படிப்பது கலியாணசுந்தரத்துக்குப் பெரும்பாடாக இருந்தது.

"திங்கள், வியாழன் ரெண்டு நாளும் ஏழு மணிக்கு நான் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும், அண்ணே. அந்த ரெண்டு நாளும் இங்க ஊளை இருக்குன்னுதான் தெருவுல சொல்றாங்க. அப்ப யாரு போடுறா?"

"அத நீங்க ஸ்டேஷன்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். அப்ப ஒம் பொண்டாட்டி போடுறான்னு எழுதிக்கிட்டாங்க."

அஞ்சலை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்கு வெளக்கு சுவிட்சத் தொடவே பயம்" என்றாள். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "இன்னொரு தடவ போனார்னா திரும்ப வரமாட்டார், கிராணி. போன தடவ வந்ததே பாதி ஆளு."

இதில் ஒரு சொல்லைக்கூட அவர் தவறவிடவில்லை.

மறுநாள் வியாழன் மாலை, புகார் எழுதிய கணேசமூர்த்தியைப் பார்க்கச் செட்டிக் கம்பத்துக்குப் போனார். கணேசமூர்த்தி மலாக்காச் செட்டி. முன்னூறு நானூறு வருஷத்துக்கு முன் இங்கே குடியேறிய குடும்பம். கோயிலில் தமிழ்த் தேவாரம், வீட்டில் மலாய். தமிழ் அவருக்குப் புரியாது, ஆனால் ஏழு மணிக்கு வரும் பக்திப் பாடலைக் கை கூப்பியபடி கேட்காவிட்டால் சோறு இறங்காது. புரியாத பாட்டை ஒருவன் கெடுக்கிறான் என்றால் புரிந்த பாட்டைக் கெடுப்பதைவிடக் கோபம் அதிகம் வரும்போலும். ஒரு நோட்டுப் புத்தகமே போட்டிருந்தார். சித்திரைப் பிறப்புக்கு மறுவாரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் குறித்திருந்தார். ஊளை வந்த நாளுக்கு ஒரு கோடு, வராத நாளுக்கு ஒரு சுழி.

"பாருங்கள் கிராணி, எவ்வளவு துணிச்சல்" என்றார் மலாயில். "ஒரு நாள் விடாமல்."

ஒரு நாள் விடாமல் இல்லை. சுழிகள் இருந்தன. கலியாணசுந்தரம் அவற்றின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனார். ஆறு வெள்ளிக்கிழமைகள், ஆறு சுழிகள். வெள்ளிக்கிழமை மாலை வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தத் தெருவில் பாதிப்பேர். அதனால் மட்டும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஏழாவதாக ஒரு சுழி தனியாகக் கிடந்தது: மே ஒன்பது, புதன்கிழமை.

அன்றைக்கு யார் வீடு பூட்டியிருந்தது என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். வெகுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மே ஒன்பது, புக்கிட் காதிலில் கமலவேணியின் தம்பி தியாகுவின் குழந்தைக்குக் காது குத்து. காலையில் போய் எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்பினார்கள், அவரும் கமலவேணியும். தியாகுவுக்குத் தொழில் ரேடியோ ரிப்பேர்.

நோட்டை மூடிக் கொடுத்தார். "கண்டுபிடித்துவிட்டீர்களா?" என்று கணேசமூர்த்தி கேட்டார். அவர் உதடு அசைந்ததைக் கலியாணசுந்தரம் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டிவிட்டிருந்தார்.

வழக்கமாக அந்த நேரத்தில் அவர் வீட்டு முன்கூடத்தில், உள்ளே முதுகைக் காட்டியபடி, தெருவைப் பார்த்துப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அன்று பேப்பரைத் தொடாமல் நேராக உள்ளே போனார். மணி ஏழேகால். கமலவேணி தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மிஷினின் மர மூடி மூடியிருந்தது. மூடிய மிஷினுக்கு முன்னால் எந்தப் பெண்ணும் அப்படிக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. அவர் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். மரம் வெதுவெதுப்பாக இருந்தது. மெல்ல நடுங்கிக்கொண்டும் இருந்தது. விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கி. யாரோ பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"எப்பேருந்து?" என்றார்.

"சித்திரப் பொறப்புக்குத் தம்பி குடுத்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

கமலவேணி அவர் பார்க்கும்படி முகத்தைத் திருப்பி, நிதானமாகச் சொன்னாள். "நீங்க கேக்கவே இல்லியே."

அதில் எந்தக் கேட்பதைச் சொன்னாள் என்று அவருக்கு விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை.

"கோகிலா கட்டிக்கிட்டுப் போனதுலேருந்து இந்த வீட்ல மனுசக் கொரலு எங்க இருக்கு?" என்றாள். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னா வேலய விட்டுட்டு எதுக்க வந்து நிக்கணும். அடுப்படியிலேருந்து ஒரு வார்த்த சொல்ல முடியுமா? திரும்பி நின்னுக்கிட்டுத் திட்டக்கூட முடியல. இது பாட்டுக்கு ஒரு மூலையில பேசிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்."

"லைசென்ஸ்?"

"லைசென்ஸ் பாக்குறவர் வீட்ல லைசென்ஸ் எதுக்குன்னான் தியாகு."

அவர் உட்கார்ந்தார். ஊளையைப் பற்றியும் தம்பிராஜாவைப் பற்றியும் சனிக்கிழமையைப் பற்றியும் சொன்னார். ஊளை தன் பெட்டியிலிருந்து போவது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அது அடுத்த வீட்டில் கேட்கும், பெட்டி இருக்கிற வீட்டில் பாட்டாகத்தான் கேட்கும். அவள் பெட்டியை அணைத்தாள்.

"இப்பவே ஒடச்சுக் கெணத்துல போட்டுர்றேன். ஊளை நின்னுட்டா விட்டுருவாங்கல்ல?"

"சனிக்கிழம அவரக் கூட்டிட்டுப் போவாங்க. ஞாயித்துக்கிழமயும் ஊளை இருக்காது. தெரு என்ன சொல்லும்?"

"அவருதான்னு சொல்லும்."

"நாமளே ருசுப்படுத்திக் குடுத்த மாதிரி."

வெள்ளிக்கிழமை அவர்கள் கோயிலுக்குப் போகவில்லை. கலியாணசுந்தரம் மேசையில் தாளை வைத்துக்கொண்டு, அதிகாரி கேட்கப்போகும் கேள்வியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஆறு வாரம் உம் வீட்டில் பாடிய பெட்டியைத் தெரிந்தே விட்டுவைத்தீரா, அல்லது உமக்குக் கேட்கவே இல்லையா? தெரியும் என்றால் வேலை போகும், நாணயமும் போகும். தம்பிராஜாவைக் காப்பாற்ற ஏதோ கட்டிச் சொல்கிறார் என்று அறிக்கையையே தள்ளிவிடவும் கூடும். கேட்கவில்லை என்றால் வேலை மட்டும் போகும். அந்த வேலையைத் தவிர அவருக்கு வேறு பிழைப்புத் தெரியாது. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்தது.

கமலவேணி எதிரே வந்து நின்றாள். "தியாகு பேரு வருமா?"

"பெட்டி என் வீட்ல இருந்துச்சு. அவ்வளவுதான் கேட்டாங்க."

"பின்னால நம்ம பொழப்பு?"

"தெரியல" என்றார். உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். தம்பிராஜா வீட்டுக்கு யாரும் போகவில்லை. அவர் நன்றி சொல்லவும் வரவில்லை. கிராணி வீட்டுப் படியேறினால் அதற்கும் ஒரு காரணம் எழுதிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும். கமலவேணியின் பெட்டியைப் பறிமுதல் செய்தார்கள். தெரு கொஞ்ச நாள் குழம்பியது. கம்யூனிஸ்ட் பணம் கிராணிவரைக்கும் பாய்ந்திருக்கிறது என்றார்கள் சிலர். காது கேட்காதவன் இத்தனை பெட்டி பிடித்தான் என்பதை நம்புவதைவிட அவர்களுக்கு அது சுலபமாக இருந்தது. இரண்டாவது வாரம் கலியாணசுந்தரத்துக்கு வேலை போனது. வெகுகாலம் கழித்து ஒரு மரக்கடையில் எழுத்து வேலை கிடைத்தது.

1956 ஜூன் இரண்டாம் தேதி, சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, கலியாணசுந்தரம் நாற்பத்திரண்டாவது ரேடியோ இருக்கும் இடம் என்று தன் வீட்டு முகவரியை எழுதி, அதற்குக் கீழே தனக்கு 1944 முதல் இரண்டு காதும் கேட்காது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அதிகாரியிடம் கொடுத்தார்.