பெண்கள் பக்கத்துச் சத்தம்

அறுபதுகளில் பம்பாய் மாதுங்காவில் நாங்கள் போட்ட நாடகங்களில் இடி என்றால் திரைக்குப் பின்னால் ஒருவர் தகரத்தை ஆட்டுவார். ரயில் என்றால் இன்னொருவர் 'கூ' என்பார். நான் தாராவியில் குடியிருந்து ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன். அந்தக் 'கூ'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த எரிச்சலில்தான் நானே ஒரு நாடகம் எழுதினேன். ஊருக்குப் புதிதாக வந்தவன் ஒருவன் காய்ச்சலில் படுத்துக் கிடக்கிறான். பம்பாயை அவன் பார்ப்பதில்லை, கேட்கிறான். சத்தங்களை நடிகர்கள் போடமாட்டார்கள், மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களே போட வேண்டும். இதற்காகப் பல வாரம் தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் துளை போடும் கருவியை டிக் டிக்கென்று தட்டுவது, தகரக் கடைச் சுத்தியல், லோக்கல் ரயில் பிளாட்பாரத்தை விட்டுக் கிளம்புவது எல்லாவற்றையும் குறித்துவைத்தேன்.

எங்கள் நாடகக் குழுவின் செயலாளர் மாதுங்காக்காரர், பாங்கு அதிகாரி. "என்ன ஓய், நாடகம் பார்க்க வந்தவாளை வேலை வாங்கப் போறீரா? சரி, ஒரே ஒரு தடவை போட்டுப் பாரும். ஜனங்க சிரிச்சா திரையை இறக்கிடுவேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கப்படாது" என்றார்.

வாசலில் எல்லோருக்கும் துண்டுச் சீட்டுக் கொடுத்தோம். இடப்பக்க ஆண்களுக்கு ரயில், நடுவில் சுத்தியல், பின்வரிசைக்குக் கண்டக்டர். வலப்பக்கம் பெண்கள். அவர்கள் சீட்டில் 'தயவுசெய்து அமைதியாகக் கேட்கவும்' என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதியதில் அன்று எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, மகா புத்திசாலி நான்.

ரயில் கார்டு மாதிரி பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக மேடை ஓரத்தில் நின்றேன். ரயில் பக்கம் பார்த்துப் பச்சையை உயர்த்தினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கஞ்சி போட்ட வேட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடியும் உயர்த்தினேன். யாரோ இருமினார். செயலாளர் திரைக் கயிற்றில் கை வைத்துவிட்டார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ணங், ணங்கென்று ஒரு சத்தம். என் மனைவி தண்ணீர்க் கூஜாவை வளையலால் தட்டிக்கொண்டிருந்தாள். அடுத்து முழுத் தொண்டையில் ஒரு கூப்பாடு:

"பானி ஆயா! ஏட்டி, தண்ணி வந்துட்டு, குடத்த எடுங்கட்டீ!"

மண்டபமே சிரித்துவிட்டது. போச்சு, என் நாடகத்துக்கு என் வீட்டிலிருந்தே கொள்ளி என்று நினைத்தேன். ஆனால் தாராவிப் பொதுக் குழாயோ மாதுங்கா மாடி வீடோ, விடியற்காலைத் தண்ணீருக்கு எழுந்திருக்காத பெண் அங்கே யார்? ஒருத்தி டிபன் மூடியைத் தட்டினாள். இன்னொருத்தி "லைன்ல வா" என்று அதட்டினாள். வளையல்கள் குலுங்கின. என் கொடிக்குக் காத்திராமல் ரயில் தானாகக் கிளம்பியது, சுத்தியல் விழுந்தது, பின்வரிசை டிக் டிக்கென்றது. சீட்டில் இல்லாத பேப்பர்காரன்கூட எங்கிருந்தோ கூவினான். தாராவியும் மாதுங்காவும் ஒரே கூரையின்கீழ் ஒரே ஊராக இரைந்தன. நான் சிவப்புக் கொடியைத் தூக்கியதும் அத்தனையும் சட்டென்று நின்றது. கட்டிலில் கிடந்த நடிகர் எழுந்து உட்கார்ந்து, வசனத்தை மறந்து எங்களையே பார்த்தார்.

செயலாளரின் கை எப்போதோ கயிற்றை விட்டிருந்தது. நாடகம் முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பொம்மனாட்டிகளுக்கு எழுதினீரே, அதுதான் ஓய் பிரமாதம்!"

புகழ்ச்சி எனக்குக் கசக்காது. 'ஆமாம் சார்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, அவளைக் கைகாட்டினேன். "நான் எழுதல சார். அதோ, என் வீட்டுக்காரி செஞ்சது." பிறகு எத்தனையோ கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அன்று கையை நீட்டியபோது வந்த பெருமை வேறெதிலும் வரவில்லை.

அவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போடுவதாகச் சொன்னார். அவள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"அப்ப கூஜா காணாது சார். குடத்தையே கொண்டாரேன்."