பந்தக்கால் குழி

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் மாங்கேணிப் பக்கம் ஒரு காணியை அளக்கப் போனேன். இறால் பண்ணைக்குக் கேட்டிருந்தார்கள். வாவியோரம் திறந்த மேடு, அங்கால சேற்றில் வேர்விட்டு நிற்கும் கண்ணாக்காடு. நில அளவையாளனுக்கு அதைவிட லேசான வேலை கிடைக்காது என்று டோட்டல் ஸ்டேஷன் அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், மேட்டில் கரையோர வேடுவச் சனம் குந்தியிருந்தது. எழும்ப மாட்டோம் என்றார்கள்.

முன்னுக்கு இருந்தவள் நாகம்மா. கண்ணாக்காட்டு ஓரம் நண்டு பிடித்துப் பிழைப்பவள். பண்ணை வந்தால் அந்தக் காடும் போகும், சடங்கு செய்யும் மேடும் போகும் என்றாள்.

விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனுசன்தான், ஆனால் எதையும் கண்ணால் பார்க்க வேண்டும் அவருக்கு. "கோயில் எங்க?" என்றார்.

பண்ணை மனேஜர் முந்திக்கொண்டார். "ஒரு கல்லுக்கூட இல்ல சேர். வெறுங்காணி."

"எங்கட சாமிக்குக் கல்லு வேணாம்," என்றாள் நாகம்மா. "சடங்குக்குப் பந்தல் போடுவம். முடிஞ்சா அவிழ்த்திருவம்."

"அப்ப ஒரு பந்தலப் போட்டுக் காட்டுங்களன்."

"காட்டுறதுக்குப் போடேலா சேர். போட்டா எங்கட முன்னோர் வந்திருவாங்க. வந்தவங்களுக்கு என்னத்தக் குடுக்கிற?"

அதிகாரி கையை விரித்துவிட்டு, எல்லைக்கட்டைகளை அடிக்கச் சொன்னார். எனக்கு மனமில்லை. ஆனாலும் சம்பளக்காரன், அடிக்கத்தானே வேண்டும்.

கல்லுப்போல இறுகிய கிறவல் மண். ஒவ்வொரு கட்டைக்கும் என் உதவியாள் றபீக் வியர்த்து வழிந்தான். சனம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டையை வைத்து ஓர் அடிதான் போட்டான்.

"சேர், கட்ட முழுசா உள்ளுக்குப் போயிட்டு!"

நாகம்மா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "அது எங்கட பந்தக்கால் குழி. வருசா வருசம் அதே குழியிலதான் கால் நடுவம், முடிஞ்சா மண்ணப் போட்டு மூடிருவம். மத்தது அந்தா கிடக்கு."

அவள் கைகாட்டிய இடத்தில் அடித்தோம். அதுவும் சோற்றுக்குள் போவதுபோல இறங்கியது. சற்றுத் தள்ளி அடித்தால் சுத்தியல் எகிறியது. அதிகாரி சுத்தியலை வாங்கித் தானே அடித்துப் பார்த்தார்.

"வெறுங்காணி இல்லயே இது," என்றார் மனேஜரைப் பார்த்து.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. பண்ணைக்கு அனுமதி கிடைக்கவில்லை. காடு தப்பியது.

இப்போது அளவைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: வெறுங்காணி என்று எழுத முன், வருடம் முழுக்கவும் அது வெறுங்காணியா என்று அங்குள்ள சனத்தைக் கேளுங்கள்.

அந்த வருடச் சடங்குக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போய் நின்றதும் நாகம்மா மண் தோண்டும் அலவாங்கை என் கையில் தந்தாள்.

"உங்கட கட்ட இன்னும் உள்ளுக்குக் கிடக்கு சேர். எடுத்துத் தாங்க, கால் நடவேணும்."