என் மகளுக்கு வாக்குக் கேட்ட சுவரொட்டி

காலை ஏழு இருபத்துமூன்றுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர்க்காரரின் வாட்ஸ்அப் குழுவில் என் மகளின் படம் வந்து விழுந்தது. பட்டமளிப்பு அங்கி, சுற்றிவர ரோசாப்பூ, தலைக்கு மேல் ஒரு தராசு. கீழே சிவப்பு எழுத்தில்: "மொன்றியல் நீதிபதித் தேர்தலில் எங்கள் பிள்ளையை வெல்ல வைப்போம். உங்கள் பொன்னான வாக்குகளை அளியுங்கள்."

அன்று பத்து மணிக்குத்தான் அவளுக்கு நேர்முகம்.

பதினான்கு வருடம் வழக்கறிஞராக இருந்தவள். முதல் வழக்கில் தோற்றுவிட்டு காருக்குள் இருந்து அழுதவள். எனக்கு வந்த பார்க்கிங் தண்ட டிக்கெட்டை எதிர்த்து நான் எப்படிக் கதைக்க வேண்டும் என்று எனக்கே பழக்கிக்கொண்டிருந்தவள். அந்த மாதிரி டிக்கெட் வழக்குகளையும் கேட்கும் மாநகர நீதிமன்றத்தில் நீதிபதி இடம் ஒன்று வந்ததும் விண்ணப்பித்தாள். இங்கே அதற்குத் தேர்தல் கிடையாது. தெரிவுக் குழு ஒன்று விண்ணப்பித்தவர்களை விசாரித்து அரசாங்கத்துக்குப் பெயர் கொடுக்கும். யார் விண்ணப்பித்தது என்பது வெளியே போகக்கூடாது. எனக்குச் சொன்னபோதே அதையும் சொன்னாள். நான் ஒரே ஒருவருக்குச் சொன்னேன், ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் இருக்கும் என் அண்ணைக்கு.

அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "என்ன அண்ணை செய்து வைச்சிருக்கிறியள்?"

"ஏன், படம் வடிவில்லையோ?"

டெக்சாஸில் இருக்கும் மச்சான், அங்கே நீதிபதிகள் வாக்குக் கேட்டு வருவதைச் சொல்லியிருக்கிறார். அண்ணை இங்கேயும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டார். நான் விளக்கிய பிறகு அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. உடனே அழித்தார். ஆனால் அதற்குள் நகரின் வில்லரேப் பகுதியில் எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் அதை அச்சடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டி, ஒட்டிய படத்தையும் குழுவில் போட்டுவிட்டார்.

வீட்டுச் சட்டைக்கு மேல் குளிர்க்கோட்டைக் கொழுவிக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, எங்கட வீட்டில அஞ்சு வோட்டு. யோசிக்காதேங்கோ."

நான் நகத்தால் சுரண்டத் தொடங்கியதும் பாவம், விறைத்துப்போனார். காரணத்தைச் சொன்னேன். உடனே மீன் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து பசையைத் தானே வழித்தெடுத்தார்.

மணி எட்டே முக்கால். அவளுக்குச் சொன்னால் மனம் குழம்பிப் போய் அந்த நேர்முக மேசைக்கு முன்னால் இருப்பாள். சொல்லாவிட்டால், அவர்கள் கேட்கும்போது தெரியாமல் முழிப்பாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டால்? அரிசிச் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் அவளுக்குத் தொலைபேசியில் எழுதினேன், நான்தான் மாமாவுக்குச் சொன்னேன் என்பது உட்பட. மூன்று முறை அழித்து எழுதினேன். ஒரு சொல்தான் பதில் வந்தது: "சரி."

அதற்குப் பிறகு ஆறு கிழமை. அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, நான் கேட்கவில்லை. கிழித்த சுவரொட்டி என் அலுமாரிக்குள் சேலைக்கு அடியில் கிடந்தது. எறிய மனம் வரவில்லை. அவ்வளவு பயத்திலும், அந்தத் தராசுக்குக் கீழே அவள் முகம் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அழைப்புமணி அடித்தது. வேலை நாளில் அவள் வருவதில்லை. வாசலில் நின்றாள், சப்பாத்தைக் கழற்றவில்லை. மூச்சு வாங்கியது, மெட்ரோவிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். அந்தப் படத்தை அவர்கள் கண்டார்களா என்று எனக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"அவையள் ஒரு கேள்வி கேக்க முதல் நானே காட்டினன். பிரெஞ்சில வாசிச்சும் காட்டினன்," என்றாள். அண்ணையின் ரோசாப்பூக்களைப் பார்த்து ஒருவர் சிரித்தாராம்.

பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உங்கட பார்க்கிங் டிக்கெட்டைப் பற்றி இனி என்னட்ட ஒரு சொல்லும் கேக்கக்கூடாது. அது இனி நான் நீதிபதியா இருக்கப்போற கோர்ட்."