மாமா சாப்பிடச் சொன்ன கிளப்

அந்த நாளில் வில்லியனூரிலிருந்து சென்னைப்பட்டணம் போகிறவர்களுக்குப் பெரிய கவலை, அங்கே எதைச் சாப்பிடுவது, எதைக் குடிப்பது என்பதுதான். தண்ணீர்க் குழாய்க்குள்ளே மாட்டுத்தோல் வளையம் இருக்கிறது, கிளப் என்கிற சாப்பாட்டுக் கடைச் சோறு யார் கை பட்டதோ என்பார் எங்கள் அப்பா. கரும்பு வெட்டுகிற நாளிலும் நெற்றியில் திருநீறு இல்லாமல் வயலுக்குப் போகாதவர்.

எனக்கு எட்டு வயது. அம்மாவின் அண்ணன் பட்டணத்தில் மண்டிக் கணக்குப் பார்த்தவர். அவர் விஷக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சேதி வந்தது. அம்மா கைக்குழந்தையான என் தம்பியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்; அப்பாவும் நானும் கூடப் போனோம். புளிச்சோறும் ஒரு செம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டோம். எங்கள் ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அந்த எல்லை தாண்டுகிற இடத்தில் சுங்கக்காரன், சரக்கு ஒளித்திருக்கிறோமா என்று சோற்றுக்குள் கையை விட்டுத் துழாவினான். அப்பா அதை அப்படியே நாய்க்குக் கொட்டிவிட்டார். அம்மா வருத்தப்படவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சோறு இறங்காது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். தம்பிதான் பால் போதாமல் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தான்.

காய்ச்சல்காரர்கள் இருக்கிற இடத்துக்குக் குழந்தை வேண்டாம் என்று எங்களை ஆஸ்பத்திரி வாசலில் உட்காரவைத்துவிட்டு அப்பா மட்டும் உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வந்தார். எங்களைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடி பேசினார்.

"இப்பத்தான் தூங்கனாரு. அப்புறமா பாக்கலாம்னாங்க."

"எங்கண்ணன் பேசுச்சா? இன்னா சொல்லுச்சு?"

"உன்னத்தான் கேட்டாரு. புள்ளக்காரிய பட்டினி போட்டு இட்டாந்தியான்னு என்னை ஏசறாரு. இங்க பக்கத்துலயே அவரு சாப்புடற கிளப்பு கீதாம். அங்க சாப்ட்டுட்டுத்தான் நீ வரணுமாம்."

அம்மா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "அது அப்பிடித்தான். தான் எப்பிடிக் கெடந்தாலும், நான் துன்னேனான்னுதான் கேக்கும்."

தெருவில் அப்பா ஒரு ஜட்கா வண்டிக்காரனிடம் சைவக் கிளப் எங்கே என்று விசாரித்தார். மாமாதான் இடம் சொன்னாரே, பிறகு எதற்கு விசாரிக்கிறார் என்று நினைத்தேன். வண்டிக்காரன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இவ்ளோ பெரிய பட்டையப் போட்டுகினு கிளப்புச் சோத்துக்கு அலையறியே, சாமி." அப்பா அதற்குக் கோபப்படக்கூட இல்லை.

பெண்கள் சாப்பிடுகிற உள்ளறையில் இலை போட்டார்கள். அப்பா நிலைப்படியில் நின்றுகொண்டு, அம்மாவுக்கு இன்னும் பருப்பு, இன்னும் நெய் என்று கேட்டு வாங்கினார். கடைசியில் ஒரு டம்ளர் பாலும் குடிக்கவைத்தார். அவர் மட்டும் ஒன்றும் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார். நான் நம்பினேன். தம்பி வயிறு நிறையப் பால் குடித்து அங்கேயே தூங்கிப்போனான்.

வெளியே வந்ததும் அப்பா குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். பிறகுதான் சொன்னார். "காலையிலயே போய்ட்டாரு. நான் உள்ள போனப்பவே ஆளு இல்ல."

சாவுச் சேதி காதில் விழுந்தால், பிணத்தை எடுத்துத் தலை முழுகும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அம்மா தெருவிலேயே உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் கட்டையாக் கெடக்குது, நான் நெய் ஊத்திப் பெசஞ்சி துன்னுட்டு வரேனே. உனக்கு சாமி இருக்குதா?"

மறுநாள்தான் மாமாவை எடுத்தார்கள். அதுவரை அம்மாவும் அப்பாவும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. தம்பிக்கு மட்டும் எப்படியோ பால் இருந்தது.

ஊருக்குத் திரும்பியும் அம்மா அவரோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் அம்மா பக்கம்தான். ஒரு பிரதோஷத்தன்று கோயிலுக்குப் போனபோது, பொய் சொல்லி அம்மாவைச் சாப்பிடவைத்த அப்பாவின் பாவத்தை மன்னித்துவிடு ஈசுவரா என்று மனசார வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். என் இடுப்பில் இருந்த தம்பி, தீபத்தைப் பிடிக்கக் கையை நீட்டிக் கெக்கலித்தான். அவனைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.