கேமராவில் வராத கூரை

குற்றமற்ற ஒருவரைத் திருடன் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பியவன் நான். எண்பதுகளில் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் எனக்குப் புடவைக் கடை இருந்தது. திருட்டுக்குப் பயந்து வாசலைப் பார்த்தபடி கேமரா மாட்டினேன். அப்படியும் பட்டுப் புடவைகள் காணாமல் போயின. இரவில் பதிவான வீடியோ நாடாவை ஓட்டிப் பார்த்தால் பூட்டிய கதவுதான் தெரிந்தது. வெளியாள் வரவில்லை என்றால் சாவி வைத்திருக்கும் விற்பனையாளர் செல்வம்தான் என்று எரிச்சலில் முடிவுகட்டினேன்.

“நான் எடுப்பேனா மொதலாளி?”

“கேமரா பொய் சொல்லாது லா. கெளம்பு.”

அவர் போன பிறகும் திருட்டு நிற்கவில்லை. ஒருநாள் காலை, கடை நடுவிலுள்ள திறந்த முற்றத்தில் உடைந்த ஓடுகள் கிடந்தன. திருடன் கூரை வழியாக இறங்கியிருக்கிறான். கேமராவுக்குப் பயந்து அவன் மாற்றிக்கொண்டது வழியை மட்டும்தான்.

ஆங் மோ கியோ வட்டாரத்தில் இருந்த செல்வத்தின் வீட்டுக்குப் போய், அவர் மனைவி முன்னால் மன்னிப்புக் கேட்டேன். வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டேன். செல்வம் காப்பி கொடுத்து உபசரித்தார்.

“வேணாம் மொதலாளி. அடுத்த தடவ ஏதாச்சும் காணோம்னா நீங்க மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பீங்க” என்றார்.

அதன் பிறகு எது காணாமல் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்த்தேன். செல்வம் கடைப் பக்கம் வரவே இல்லை.